ஜீவரக்ஷாவை ஸ்டார்ட் செய்யும் முறை

பெர்க்மான்ஸ் கடைசியாகப் பேசியது இன்ஜினைப் பற்றித்தான்.

"மெட்டி, மண்ணெண்ணெய்ல தண்ணி கெடக்கு. ரெண்டு தடவ இருமிட்டு நின்னு போச்சு. கழட்டிக்கிட்டு இருக்கேன்."

மெட்டில்டா சந்தையில் நெத்திலிக் கூடையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, வந்தவளுக்கு மீனை அள்ளிப் போட்டபடியே கேட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"சங்குப்பாறைக்குத் தெக்க. காத்து ஏறிக்கிட்டு வருது. லியோன்ஸ்கிட்ட சொல்லு, யார் வள்ளத்தையாவது எடுத்துட்டு வந்து என்னைய கட்டி இழுத்துக்கிடட்டும். நீ உயிர்காப்பு ஸ்டேஷனுக்குப் போயிடாத."

"ஏன், அவுங்க எதுக்குத்தான் இருக்காங்க?"

"போகாதன்னா போகாத மெட்டி. நேரம்தான் போகும்."

அதற்கப்புறம் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

அவள் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்து மண்ணந்துறைக்கு வந்தாள். பெர்க்மான்ஸின் தம்பி லியோன்ஸ் அதற்குள் விஷயம் தெரிந்து, காய்ச்சலில் போர்த்தியிருந்த துண்டை உதறிவிட்டு இரவல் வள்ளம் ஒன்றில் ஏறி நின்றான். வழக்கமாக அண்ணனோடு கடலுக்குப் போகிறவன் அவன்தான். அன்றைக்குக் காய்ச்சல். இரவே போட்ட வலையை எடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று பெர்க்மான்ஸ் ஒற்றை ஆளாகப் போயிருந்தான்.

லியோன்ஸின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கூட இன்னும் மூன்று நான்கு வள்ளங்கள் கிளம்பத் தயாராக நின்றன. எதிரே சங்கிலி கட்டியிருந்தது.

இந்தச் சங்கிலியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் துறைமுகத்தின் வாய் குறுகலானது. இரண்டு பக்கமும் கடலுக்குள் நீளும் கல்சுவர். கடலில் கோளு, அதாவது கொந்தளிப்பு, என்று எச்சரிக்கை வந்தால், கரையோர உயிர்காப்பு நிலையத்தார் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஒரு சங்கிலியைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். எங்கள் உயிரைக் காப்பாற்றுவதற்காக. அந்த மாதிரி நாளில் வெளிக்கரையில் அலை ஆளுயரம் எழும்பும், அங்கிருந்து வள்ளம் இறக்க முடியாது. ஆகவே சங்கிலி விழுந்துவிட்டால் உள்ளே இருக்கிறவன் வெளியே போக முடியாது. வெளியே மாட்டிக்கொண்டவன் உள்ளே வருவது பற்றி விதியில் ஒன்றும் எழுதவில்லை.

"தொறங்க அண்ணே," என்றான் லியோன்ஸ், சங்கிலிக்குக் காவல் நின்றவரிடம். "எங்க அண்ணன் வெளிய கெடக்கான்."

"எனக்குப் புரியுது மக்கா. ஆனா சங்கிலி ஜீவரக்ஷாவுக்குத்தான் தொறக்கும். ஜீவரக்ஷா முன்னால போகணும், நீங்க பின்னால போலாம். சாவி ஸ்டேஷன் சார்கிட்ட."

ஆகவே மெட்டில்டா புருஷன் போகாதே என்று சொன்ன இடத்துக்கே போனாள்.

கரையோர உயிர்காப்பு நிலையம் எங்கள் கரையிலேயே அழகான கட்டடம். பெரிய புயல் ஒன்று எங்களில் பலரைக் கொண்டுபோன பிறகு கட்டியது. வாசலில் கொடிக்கம்பம், உள்ளே குளிர்சாதனம், பின்பக்கம் தண்ணீருக்கு இறங்கும் சரிவில் ஆரஞ்சு நிறப் படகு. அதுதான் ஜீவரக்ஷா. அதன் பின்னால் பொருத்தியிருந்த வெள்ளை இன்ஜினின் மேல் கம்பெனியிலிருந்து வந்தபோது சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள்கூட இன்னும் கிழியவில்லை. தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்பார்கள், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் தொங்கவிடுவார்கள், ஈத் அன்று பச்சை விளக்கு போடுவார்கள். எல்லாத் தெய்வங்களும் அதற்குக் காவல்.

நிலையத் தலைவர் ஸ்ரீகண்டன் சார் நல்ல மனிதர். மெட்டில்டாவை எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். கட்டன் சாயா வந்தது.

"முதல்ல நீங்க பதறக்கூடாது. பதற்றம்தான் கடல்ல முதல் எதிரி. குடிங்க."

"வள்ளம் சங்குப்பாறைக்குத் தெக்க கெடக்கு சார். இன்ஜின் நின்னுடுச்சு."

"அப்ப அவர் காணாமப் போகலை. எங்க இருக்கார்னு தெரியுதே."

"தெரியுது சார்."

"எங்க நிலையம் காணாமப் போனவங்களத் தேடற நிலையம், மெட்டில்டா. எங்க இருக்கார்னு தெரிஞ்சவரை எப்படித் தேடறது?" அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "கொஞ்சம் பொறுங்க. நீரோட்டம் இருக்கு, காத்து இருக்கு. இன்னும் ஒரு மணி நேரத்துல அவர் எங்க இருக்கார்னு யாருக்கும் தெரியாமப் போயிடும். உடனே களத்துல இறங்கிடுவோம்."

சொன்னபடியே செய்தார். ஒரு மணி நேரம் கழித்துச் சங்கு ஊதியது. கொடி ஏறியது. நிலையத்தார் ஆரஞ்சு மிதவைச் சட்டைகளை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஒருவருக்கொருவர் வார் இறுக்கிவிட்டார்கள். ஸ்ரீகண்டன் சார் ஒலிபெருக்கியில் உறுதிமொழி வாசிக்க, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். "அலை பெரிதெனினும் எங்கள் அர்ப்பணிப்பு அதனினும் பெரிது." ஒருவன் படகேறி இன்ஜினின் கயிற்றை இழுத்தான்.

இன்ஜின் ஒன்றும் சொல்லவில்லை.

மறுபடி இழுத்தான். ஆள் மாற்றி இழுத்தார்கள். மிதவைச் சட்டையோடு இழுக்க வரவில்லை என்று கழற்றிவிட்டு இழுத்தார்கள். பாதுகாப்பு விதிப்படி சட்டை இல்லாமல் படகில் நிற்கக்கூடாது என்று ஸ்ரீகண்டன் சார் நினைவுபடுத்த, மறுபடி மாட்டிக்கொண்டு இழுத்தார்கள்.

இதற்குள் கரை முழுதும் சரிவில் கூடிவிட்டது. எங்களில் ஒவ்வொருவனும் இன்ஜின் வைத்தியன். கிளமென்ட் பிளக் கரி பிடித்திருக்கும் என்றான். அவன் மைத்துனன் கார்புரேட்டர் அடைப்பு என்றான். இருவருக்கும் ஏற்கெனவே பேச்சுவார்த்தை இல்லை, அன்றைக்கு அடிதடி ஆகப் பார்த்தது. பெட்ரோலில் கிளப்பி அப்புறம்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், இவர்கள் நேராக மண்ணெண்ணெயை ஊட்டியிருப்பார்கள் என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்கிறவனும் கூட்டத்தில் நின்று, "சோக்க இழு, சோக்க இழு" என்று குரல் கொடுத்தவன்தான். சோக் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் மாட்டிக்கொண்டிருப்பேன்.

மெட்டில்டா மட்டும் இன்ஜினைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை நுரைத் தலைகள் எழும்பத் தொடங்கியிருந்தன.

நகரத்திலிருந்து தொழில்நுட்ப அதிகாரி ஜயதேவன் சாரை வரவழைத்தார்கள். அவர் வந்து சேர மத்தியானம் ஆனது. வழியில் பாலத்தில் நெரிசலாம். இன்ஜின் பக்கம் போகும் முன், எல்லோரையும் உள்ளே கூட்ட அறைக்கு வரச் சொன்னார். வெள்ளைப் பலகையில் மூன்று வட்டம் போட்டார்.

"ஒரு இன்ஜின் கிளம்பாம இருக்க மூணே காரணம்தான். எரிபொருள் இல்ல. தீப்பொறி இல்ல. காத்து இல்ல. இந்த மூணும் இருந்தும் கிளம்பலைன்னா அது நிர்வாகக் காரணம், அது என் துறை கிடையாது. இப்ப பரிசோதனைக்கு வருவோம். முதல் படி. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி, நல்லா சூடேறற வரைக்கும் ஓட விடணும்."

மெட்டில்டா கதவருகே நின்றிருந்தாள்.

"ஸ்டார்ட் ஆகலைன்னுதானே சார் உங்களக் கூப்பிட்டாங்க?"

ஜயதேவன் சார் கோபப்படவில்லை. இதே கேள்வியைப் பல துறைமுகங்களில் கேட்டுப் பழகியவர் போலிருந்தது.

"அம்மா, ஓடற இன்ஜினைத்தான் பரிசோதிக்க முடியும். ஓடாத இன்ஜின் என்ன சொல்லும்? செத்தவன் கையைப் பிடிச்சு நாடி பாக்க முடியுமா?"

அந்த உவமையைக் கேட்டதும் லியோன்ஸ் எழுந்து வெளியே போய்விட்டான்.

பிறகு எல்லோரும் சரிவுக்குப் போனார்கள். ஜயதேவன் சார் இன்ஜினைச் சுற்றி வந்தார். மேல்மூடியைத் திறந்து பார்க்கலாமே என்று கிளமென்ட் சொன்னான். சார் அவனைப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மூடியின் விளிம்பில் கம்பெனி முத்திரை ஒட்டியிருந்தது.

"இதைக் கிழிச்சா உத்தரவாதம் போயிடும்."

"உத்தரவாதம் எப்ப வரைக்கும் சார்?"

"அது முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. ஆனா முடிஞ்சுதுன்னு மேல இருந்து இன்னும் தகவல் வரலை. வர்ற வரைக்கும் இருக்குன்னுதான் அர்த்தம்."

அவர் பையிலிருந்து டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு குழாயை எடுத்துக் காதில் மாட்டி, மூடியின் மேல் வைத்து, கண்ணை மூடிக் கேட்டார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

"அமைதியா இருக்கு," என்றார். "தேவையில்லாத சத்தம் எதுவும் இல்ல. நல்ல அறிகுறி."

மெட்டில்டா நேராக ஸ்ரீகண்டன் சாரிடம் போனாள். அவர் வியர்த்துப்போய், சரிவின் ஓரத்தில் நின்றிருந்தார்.

"சார், போன மாசம்கூட இந்தப் படகு ஓடுச்சே. பயிற்சின்னு கொடி கட்டிக்கிட்டு எல்லாரும் போனீங்களே. அன்னைக்கு எப்படி ஸ்டார்ட் பண்ணீங்களோ அப்படியே இன்னைக்கும் பண்ணுங்க."

ஸ்ரீகண்டன் சார் எங்களைப் பார்த்தார். நாங்கள் வேறு எங்கெங்கோ பார்த்தோம்.

"அன்னைக்குப் பெர்க்மான்ஸ் இருந்தாரே," என்றார்.

"அவரு இருந்தா?"

"அவர் வள்ளம்தானே எப்பவும் வழிகாட்டிப் படகு. முன்னால அவர் போவார். ஒரு கயிறு... தண்ணிக்கு அடியில. பாதுகாப்புக்காக." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்தப் படகு வந்த நாள்ல இருந்து அவர்தான் இழுக்கறார் மெட்டில்டா. மாசம் ஒரு கேன் மண்ணெண்ணெய் குடுத்துடுவோம். நம்பிக்கையான ஆள். வெளிய ஒரு வார்த்தை சொன்னதில்ல. அவர் மட்டும் இப்ப வந்துட்டார்னா நாங்க உடனே கிளம்பிடுவோம்."

மெட்டில்டாவுக்கு முதலில் புரியவில்லை. சொன்னவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்த்தாள்.

"அவரத் தேடத்தானே சார் போகணும்."

"அது எனக்குத் தெரியாதா? அதான சிக்கல்."

எங்களுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். கயிற்றைப் பார்த்தவர்கள் பலர். ஆனால் பயிற்சி முடிந்ததும் பந்தலில் பிரியாணி போடுவார்கள். கோழிக் காலைக் கையில் வைத்துக்கொண்டு கயிற்றைப் பற்றி யார் பேசுவது? பயிற்சிக்குத்தான் இது கிளம்பாது, நிஜமாகவே ஒருவன் கடலில் மாட்டிக்கொண்டால் கிளம்பிவிடும் என்று எங்களுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. அன்று மத்தியானம் வரை அது இருந்தது.

மெட்டில்டா காலையில் சந்தைக்குப் போகிறவள். பயிற்சியை முழுசாகப் பார்த்ததே இல்லை. நிலையத்து மண்ணெண்ணெய் வீட்டுக்கு வரும்போது, நம்ம ஆளுக்கு எவ்வளவு மரியாதை பார் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தவள்.

"சரி, லியோன்ஸ் இழுப்பான். அவனும் வள்ளத்தோடதான் நிக்கிறான். சங்கிலிய தொறங்க."

"முடியாதே. எச்சரிக்கை நேரத்துல ஜீவரக்ஷாவுக்கு முன்னால வேற படகு போகக்கூடாது."

"இழுக்கிற வள்ளம் முன்னாலதானே சார் போகும்?"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றார் ஸ்ரீகண்டன் சார், தன் கட்சிக்கு ஆள் கிடைத்த நிம்மதியோடு. "விதியில வழியே இல்ல. மேல பேசியிருக்கேன். பதில் வந்துடும். நீங்க உள்ள வந்து உக்காருங்க, சாப்பாடு சொல்றேன்."

அவள் உள்ளே போகவில்லை. கல்சுவரின் மேல் ஏறி நடந்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, அலை தெறித்த பாறைகளில் வழுக்கி வழுக்கி, சங்கிலி மாட்டியிருந்த இடத்துக்குப் போனாள். ஒரு கல்லை எடுத்துச் சங்கிலியை இறுக்கியிருந்த போல்ட்டில் அடித்தாள்.

"அக்கா, அது அரசாங்க சொத்து," என்றார் காவலர். "என் வேல போயிடும்."

"திரும்பி நில்லுங்க அண்ணே. நீங்க பாக்க வேண்டாம்."

அவர் திரும்பி நின்றார். லியோன்ஸ் வந்து இன்னொரு கல்லை எடுத்தான். பிறகு நாங்கள். ஆனால் எங்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. உப்புக் காற்றில் துரு தின்றிருந்த போல்ட் நாலைந்து அடியிலேயே பெயர்ந்து, சங்கிலி சரசரவென்று தண்ணீருக்குள் இறங்கியது. காலையிலிருந்து கையில் ஓடுகிற இன்ஜினை வைத்துக்கொண்டு நின்ற எங்களை நிறுத்தி வைத்திருந்தது இதுதான். வள்ளங்கள் போயின.

அன்று காற்று திருப்பி அனுப்பிவிட்டது. மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் சங்குப்பாறையிலிருந்து வெகுதூரம் தள்ளி பெர்க்மான்ஸின் வள்ளம் கிடைத்தது.

வள்ளத்தில் யாரும் இல்லை. இன்ஜினின் மூடி கழற்றி வள்ளத்தின் பலகைக்கு அடியில் செருகியிருந்தது. அலையில் போய்விடாமல் இருக்கட்டும் என்று இன்ஜின் கழற்றும் சாவிகளைத் துண்டில் முடிந்து பலகையில் கட்டியிருந்தான். மண்ணெண்ணெய்க் கேன் கவிழ்த்துக் காலியாக இருந்தது. தண்ணீர் கலந்ததைக் கடலில் கொட்டிவிட்டுக் குழாயைப் பெட்ரோல் டப்பாவில் மாட்டியிருக்கிறான். லியோன்ஸ் தாவி ஏறினான். ஏன் செய்தான் என்று தெரியாது, கயிற்றை ஒருமுறை இழுத்தான். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஓடுகிற இன்ஜினைப் பிடித்துக்கொண்டு அவன் அழுததைக் கரைக்கு வந்து யாரும் மெட்டில்டாவிடம் சொல்லவில்லை. பெர்க்மான்ஸ் பழுதைச் சரிசெய்துவிட்டான் என்பதை மட்டும் சொன்னார்கள். மூடியை எடுக்கக் குனிந்தபோதோ, கயிற்றை இழுக்க எழுந்து நின்றபோதோ ஒரு அலை பக்கவாட்டில் அடித்திருக்க வேண்டும். ஒற்றை ஆள். பிடித்து இழுக்கக் கை இல்லை.

உடல் கிடைக்கவில்லை. சங்கிலியை உடைத்ததற்கு லியோன்ஸ் மேலும் இன்னும் சிலர் மேலும் வழக்குப் பதிவானது.

மெட்டில்டா பங்குச் சாமியாரிடம் போய், இறந்தவர்களுக்கான பூசை வைக்கச் சொல்லிக் கேட்டாள். சாமியாருக்குச் சங்கடம். முந்தின வருஷம் ஒருவனுக்கு ஊர்கூடி அந்தப் பூசையை முடித்து, கஞ்சியும் ஊற்றி, ஆளாளுக்கு அவன் நல்ல குணங்களைச் சொல்லிப் பிரிந்த பிறகு, லட்சத்தீவில் ஒதுங்கியவன் சிரித்துக்கொண்டே பேருந்தில் வந்து இறங்கினான். செத்தவன் கடன் போகட்டும் என்று அன்று விட்டுக்கொடுத்தவர்கள் சாமியாரை இன்னும் மன்னிக்கவில்லை.

"நிலையத்துல தேடி முடிச்சாச்சு, ஆள் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும் மெட்டில்டா. அன்னைக்கே வைக்கிறேன்."

நிலையத்துக்குப் போனாள். ஸ்ரீகண்டன் சார் மறுபடி எழுந்து நின்றார்.

"தேடல் இன்னும் முடியலையே. ஜீவரக்ஷா தேடிட்டுத் திரும்பி வந்தாத்தான் முடிஞ்சதாக் கணக்கு."

"அது போகவே இல்லையே சார்."

"ஆமா. போகாததால திரும்பி வரலை. திரும்பி வராததால தேடல் நடந்துக்கிட்டு இருக்கு. நீங்க நம்பிக்கைய விடாதீங்க."

நிலையம் பெர்க்மான்ஸுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடத்தியது. இறந்துவிட்டதாகக் கணக்கு இல்லாததால் இரங்கல் கூட்டம் போட முடியவில்லை. மேடையில் அவன் படம். மாலை போடலாமா கூடாதா என்று யோசித்து, படத்தின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, அதில் மாலையை வைத்திருந்தார்கள். மெட்டில்டாவை முதல் வரிசையில் உட்கார்த்தினார்கள்.

"இந்த நிலையம் தொடங்கிய நாள் முதல் ஒரு மீட்புப் பணியிலும் நாம் தோற்றதில்லை," என்று ஆரம்பித்தார் ஸ்ரீகண்டன் சார். "அதற்குப் பெர்க்மான்ஸ் போன்றவர்களின் அமைதியான ஒத்துழைப்பே காரணம். அவர் இந்த நிலையத்தை இழுத்துச் சென்றவர் என்று சொன்னால் அது மிகையாகாது."

பிறகு ஜயதேவன் சார் எழுந்தார். முகம் மலர்ந்திருந்தது. கம்பெனி ஆட்கள் வந்து முத்திரையை முறைப்படி அகற்றி இன்ஜினைத் திறந்து பார்த்துவிட்டார்கள்.

"இன்ஜினைப் பற்றிப் பரவிய வதந்திகளுக்கு இன்று முற்றுப்புள்ளி வைக்கிறேன். அதில் எந்தப் பழுதும் இல்லை. துளி கரி இல்லை. துளி தேய்மானம் இல்லை. மேல்மூடிக்குள்ளே, எரிபொருள் குழாய் மாட்டும் வாயில் தொழிற்சாலையில் வைத்த சிவப்பு மூடி அப்படியே இருக்கிறது. இத்தனை வருடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட உள்ளே போனதில்லை. இவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கப்பட்ட ஒரு இன்ஜினை என் சேவைக் காலத்தில் நான் பார்த்ததில்லை."

நிலையத்தார் கைதட்டினார்கள்.

"அந்த மூடிய எடுத்துட்டா ஓடுமா சார்?" பின்வரிசையிலிருந்து லியோன்ஸ் கேட்டான்.

"தாராளமா ஓடும். ஆனா ஓட ஆரம்பிச்சா தேய ஆரம்பிச்சுடும். அதை யோசிக்கணும்."

"அப்ப இத்தன வருஷமா இந்த இன்ஜினுக்குன்னு வந்த மண்ணெண்ணெய் எங்க சார் இருந்துச்சு?"

"எங்க போகும்? பின்னால பீப்பாயிலதான். பத்திரமா இருக்கு. அதுல இருந்துதான் மாசாமாசம்..." ஜயதேவன் சார் அங்கே நிறுத்திவிட்டார். பீப்பாய் வருஷக்கணக்காகத் திறந்த வெளியில் மழையில் நிற்பதை அந்த நேரத்தில் அவரும் நினைத்திருக்கலாம்.

மெட்டில்டா மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேன்களை அடுக்களைச் சுவரோரம் வாங்கி வைத்த கை.

கூட்டம் முடிந்ததும் ஸ்ரீகண்டன் சார் அவளைத் தனியே அழைத்தார். வரும் வாரம் மேலிடத்திலிருந்து பார்வையாளர்கள் வருகிறார்கள், பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும். சிவப்பு மூடியை எடுப்பது பற்றி இன்னும் முடிவு வரவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெர்க்மான்ஸோட வள்ளம் சும்மாதானே கெடக்கு. லியோன்ஸ் ஓட்டினா போதும். உங்களுக்கும் ஒரு நன்மை இருக்கு. ஜீவரக்ஷா அன்னைக்குக் கடலுக்குப் போயிட்டுத் திரும்பி வருமில்லையா? அதையே தேடலாவும் வச்சுக்கலாம். அன்னைக்கே முடிஞ்சதா சொல்லிடறேன். மறுநாள் பூசை வச்சுக்குங்க. மண்ணெண்ணெயும்..."

"மண்ணெண்ணெய் வேண்டாம் சார்," என்றாள். "நானும் வள்ளத்துல வருவேன்."

பெண்கள் வள்ளம் ஏறுவது எங்கள் கரையில் வழக்கமில்லை. அன்றைக்கு யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பயிற்சி நாளன்று வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பந்தல் போட்டார்கள். மேலிடத்தார் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார்கள். அடுப்பில் பிரியாணி ஏறியது. எங்களில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை, ஆனால் வாசனை வந்தது, வந்ததை முகர்ந்தோம். உறுதிமொழி முடிந்து ஸ்ரீகண்டன் சாரும் ஜயதேவன் சாரும் ஆரஞ்சு சட்டையில் ஜீவரக்ஷாவில் ஏறி நின்றார்கள். மேலிடத்தார் பார்க்கிறார்கள் என்பதால் மற்றவர்களைக் கரையில் நிறுத்திவிட்டு, தலைவர்கள் தாங்களே போவது என்று ஏற்பாடு. முன்னால் பெர்க்மான்ஸின் வள்ளம், வழிகாட்டிக் கொடியோடு. இன்ஜின் பக்கம் லியோன்ஸ். நடுப்பலகையில் மெட்டில்டா.

வள்ளம் கிளம்பியது. தண்ணீருக்கடியில் கயிறு இறுகியது. ஜீவரக்ஷா கம்பீரமாகப் புறப்பட்டது. பந்தலில் கைதட்டல்.

கல்சுவரைத் தாண்டி ஒரு மிதவை உண்டு. பயிற்சியில் அதைச் சுற்றித் திரும்புவதுதான் வழக்கம். லியோன்ஸ் மிதவைக்கு நேரே வந்ததும் மெட்டில்டாவைப் பார்த்தான். அவள் முன்னால் கையைக் காட்டினாள். வள்ளம் திரும்பவில்லை.

"லியோன்ஸ், இங்க திரும்பணும்," என்று ஒலிபெருக்கியில் ஸ்ரீகண்டன் சாரின் குரல் வந்தது. கொஞ்சம் கழித்து, "திரும்புப்பா." இன்னும் கொஞ்சம் கழித்து, "டேய், கேக்குதா?" பந்தலில் இருந்தவர்களுக்குத் தூரத்தில் ஏதோ கட்டளைகள் பிறப்பிக்கப்படுவது மட்டும் கேட்டது. மிகத் தத்ரூபமாக இருப்பதாக ஒருவர் சொன்னாராம்.

கரை தாழ்ந்துகொண்டே போனது. மாதா கோயில் கோபுரம் ஒரு விரல் அளவாயிற்று. வெளிக்கடலில் அலை இல்லாத நாளிலும் ஒரு ஏற்ற இறக்கம் உண்டு, பழகாத வயிறு அதைத் தாங்காது. ஜயதேவன் சார் படகின் விளிம்பில் கவிழ்ந்து வாந்தி எடுத்தார். ஸ்ரீகண்டன் சார் ஒலிபெருக்கியைக் கீழே வைத்துவிட்டு வெள்ளை இன்ஜினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சங்குப்பாறைக்குத் தெற்கே லியோன்ஸ் இன்ஜினை நிறுத்தினான். சட்டென்று எல்லாம் அமைதியாயிற்று. இரண்டு படகுகளிலும் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும். மெட்டில்டா பின்பக்கம் போய்க் கயிற்றை அவிழ்த்து, முனையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இதான் சார் இடம்," என்றாள். "தேடுங்க."

"மெட்டில்டா, வெளையாடக்கூடாது. சாயங்காலமானா காத்து வரும். எங்க வீட்டுலயும் ஆளுங்க இருக்காங்க."

"தெரியும் சார். தேடி முடிச்சதும் போயிடலாம். உங்கள இங்க விட்டுட்டா போயிடுவேன்?"

ஸ்ரீகண்டன் சார் லியோன்ஸைப் பார்த்தார். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கரையைப் பார்த்தார். கரை தெரியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மண்டியிட்டு, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரை எட்டிப் பார்த்தார். பச்சையும் கறுப்புமாக, ஆழம் தெரியாத தண்ணீர். முதலில் பேருக்குத்தான் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், எழுந்து தட்டுத்தடுமாறி அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். எதையோ கண்டதுபோல் ஒரு இடத்திலேயே குனிந்து வெகுநேரம் இருந்தார். ஒன்றுமில்லை, மேகத்தின் நிழல். ஜயதேவன் சாரும் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபக்கம் குனிந்தார். வாந்தி எடுப்பதற்காக அல்ல.

வெயில் சாயத் தொடங்கியது. ஸ்ரீகண்டன் சார் நிமிர்ந்தபோது அவர் மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. எந்தத் தண்ணீரோ.

"இங்க யாரும் இல்லம்மா," என்றார். அந்தக் குரலை அதுவரை எந்த மேடையிலும் கேட்டதில்லை என்று லியோன்ஸ் பிறகு சொன்னான். "ஆள் போயிட்டார் மெட்டில்டா. பெர்க்மான்ஸ் போயிட்டார்."

மெட்டில்டா தலையை அசைத்தாள். கயிற்றின் முனையை மறுபடி வள்ளத்தின் பலகையில் கட்டி, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். லியோன்ஸ் இன்ஜின் கயிற்றில் கை வைத்து அவளைப் பார்த்தான்.

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் பொறு லியோன்ஸ்," என்றாள். "இன்னும் கொஞ்சம் பாக்கட்டும்."